விலகலும் துவாரமும்: மகப்பேற்றுக்குப் பின் தளர்ந்த வயிற்றுச் சுவருக்குச் சித்த மருத்துவம் அளித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பிள்ளை பெற்று மாதங்கள் கடந்தும் வயிறு பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று வரும் பெண்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால், இரண்டு வேறு குறைகள் கைக்குத் தட்டுப்படும். முதலாவது, வயிற்றின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும் நேர்த் தசைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, அவற்றுக்கு நடுவிலுள்ள வெண்கோடு என்னும் இணைப்புத் திசு அகன்று மெலிந்துபோயிருப்பது. இரண்டாவது, அதே திசுவில், பெரும்பாலும் தொப்புளை ஒட்டி, ஒரு துவாரம் விழுந்து அதன் வழியே உள்ளிருக்கும் கொழுப்போ குடலோ வெளியே பிதுங்குவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே 'வயிறு தள்ளல்' ஆகத்தான் தெரியும். சில பெண்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். முதற்குறைக்குச் சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளால், அதாவது உடலின் வெளிப்புறத்தில் செய்யும் சிகிச்சைகளால், செய்யக்கூடியது நிறைய உண்டு. வளர்ந்தவரின் வயிற்றில் விழுந்த துவாரத்தை எண்ணெயோ இலையோ கட்டோ மூடாது. இந்த வேறுபாட்டைச் சிகிச்சை தொடங்கும் முன்பே நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் சொல்லிவிட வேண்டும் என்பதை வலியுறுத்தவே இந்நிகழ்வை எழுதுகிறேன்.

இங்கே விவரிக்கப்படுவது, ஒரே வகைத் தொல்லையோடு வரும் பெண்களின் விவரங்களை அடையாளங்கள் நீக்கி ஒன்றாகத் தொகுத்த நிகழ்வு. ஆகவே இதிலுள்ள அளவுகளை ஒரு சிகிச்சையின் வெற்றிக்குச் சான்றாகக் கொள்ளாமல், மருத்துவர் எந்த வரிசையில் சிந்திக்க வேண்டும் என்பதற்கான எடுத்துக்காட்டாகக் கொள்ள வேண்டும்.

நோயாளியும் அவர் சொன்னவையும்

நோயாளி 29 வயதுப் பெண். திருப்பூர்ப் பகுதியில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் வேலை செய்தவர். இரண்டு பிள்ளைகளும் இயல்பான மகப்பேற்றில் பிறந்தவை; மூத்த பிள்ளைக்கு நான்கு வயது, இளைய பிள்ளை பிறந்து ஏழு மாதம். இளையது பிறக்கும்போது 3.4 கிலோ எடை இருந்தது. மாமியாரோடு வந்திருந்த அவர் முதலில் சொன்னது இது: "படுத்தா ஒண்ணுமே தெரியறதில்லைங்க டாக்டர். எந்திரிக்கறப்ப மட்டும் நடுவயித்துல நீளமா ஒரு மேடு கெளம்புது. சாயங்காலமானா தொப்புள் கிட்ட சுண்டக்கா அளவுல ஒண்ணு வெளிய வருதுங்க." மாமியார் அதற்கான காரணத்தையும் தம் பங்குக்குச் சொன்னார்: "எங்க காலத்துல நாப்பது நாள் வயித்துக்கட்டு கட்டுனோம். இவ பதினஞ்சு நாள்ல அவுத்துப் போட்டுட்டா, அதானுங்க இப்படி."

கேட்டறிந்தபோது மேலும் சில செய்திகள் வெளிவந்தன. மலம் இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் போகிறது, அதுவும் முக்கித்தான் போகிறது. மகப்பேற்றுக்குப் பின் கொடுக்கப்பட்ட இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதிலிருந்தே இப்படி இருக்கிறது. கீழ்முதுகில் வலி உண்டு. தும்மும்போதும் இருமும்போதும் ஓரிரு சொட்டுச் சிறுநீர் கசிகிறது என்பதை அவர் தாமாகச் சொல்லவில்லை. மாமியாரை வெளியே அமரச் சொல்லிவிட்டு நேராகக் கேட்ட பிறகே சொன்னார். வயிற்றுச் சுவர் தளர்ந்த ஒவ்வொரு தாயிடமும் இந்தக் கேள்வியைத் தனிமையில் கேட்பது அவசியம். வயிற்றுச் சுவரும் இடுப்புத் தளமும் சேர்ந்தே உள்ளழுத்தத்தைத் தாங்குகின்றன; ஒன்றை இறுக்கிக் கட்டினால் சுமை மற்றொன்றின் மேல் இறங்கும்.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் மூன்று வகைச் சிகிச்சைக்கு ஆளாகியிருந்தார். முதல் பதினைந்து நாள் நூல்சேலையைக் கயிறுபோல் முறுக்கி இடுப்பின் மேல்பகுதியில் மட்டும் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். நான்காம் மாதத்தில், தொப்புள் விழுந்துவிட்டது, குடல் ஏறிவிட்டது என்று சொல்லி, ஊரில் எண்ணெய் தேய்த்துவிடும் ஓர் அம்மாவிடம் அழைத்துச் சென்றிருக்கிறார்கள். அவர் விளக்கெண்ணெய் தடவித் தொப்புளைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தபோது கடும் வலி ஏற்பட்டு, அந்த இடம் இரண்டு நாள் கன்றியிருந்தது. ஐந்தாம் மாதத்திலிருந்து கைப்பேசிக் காணொளியைப் பார்த்து, மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கி எழும் பயிற்சியை நாள்தோறும் செய்திருக்கிறார். அதன் பிறகுதான் நடுவயிற்று மேடு பெரிதானதாக அவரே கவனித்திருந்தார்.

பரிசோதனை

முழங்காலை மடக்கி மல்லாந்து படுக்கச் செய்து, தலையை மட்டும் மெதுவாகத் தூக்கச் சொன்னபோது, மார்பெலும்பின் நுனிக்குக் கீழிருந்து தொப்புளுக்குக் கீழ் வரை நீண்ட கூம்பு போன்ற மேடு எழுந்தது. அதன் இருகரைகளிலும் தசை விளிம்பு விரலில் தட்டுப்பட்டது. தொப்புளுக்கு மேல் மூன்று விரல்கள் எளிதாக நடுவில் அமர்ந்தன. இந்த நீண்ட மேட்டில் எங்கும் வளையம்போன்ற விளிம்பு இல்லை. ஆனால் தொப்புளின் மேல்விளிம்பில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு வளையம் தெளிவாக உணரப்பட்டது. இருமச் சொன்னபோது அங்கே விரலைத் தள்ளும் உந்தல் இருந்தது. பிதுங்கல் மெல்ல அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. தோல் நிறம் மாறவில்லை, தொட்டால் வலியும் இல்லை.

நாடி, நா, விழி, மலம் முதலிய எட்டைப் பார்க்கும் சித்த மருத்துவ எண்வகைத் தேர்வில் நாடி வாதபித்தமாக நடந்தது, நா வெளிறி ஈரமின்றி இருந்தது, மலம் கட்டிப்பட்டது, விழியின் கீழிமை வெளிறியிருந்தது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 10.1 கிராம். சிறுநீர்ச் சோதனையில் தொற்று இல்லை.

அல்ட்ரா சவுண்டு ஸ்கேனில் தசை விளிம்புகளுக்கு இடையிலான தொலைவு, தொப்புளுக்கு 3 செ.மீ. மேலே 38 மி.மீ., தொப்புள் மட்டத்தில் 41 மி.மீ., தொப்புளுக்கு 2 செ.மீ. கீழே 19 மி.மீ. என்று அளக்கப்பட்டது. பிள்ளை பெறாத 150 பெண்களை அளந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, தொப்புளுக்கு 3 செ.மீ. மேலே 22 மி.மீ. வரையிலும், 2 செ.மீ. கீழே 16 மி.மீ. வரையிலும் இயல்பு என்று கொள்ளலாம் எனக் கூறியது. அந்த அளவுகோலில் இவருடைய விலகல், குறிப்பாகத் தொப்புளுக்கு மேலே, தெளிவாக மிகுந்தது. தொப்புளில் 9 மி.மீ. அகலத் துவாரமும் அதனுள் கொழுப்புத் திசுவும் காணப்பட்டன; குடல் எதுவும் துவாரத்தில் இல்லை. கருப்பையும் மற்ற உள்ளுறுப்புகளும் இயல்பாக இருந்தன.

பரிசோதனையின் நடுவே கைக்குழந்தையையும் பார்க்க நேர்ந்தது. குழந்தைக்கும் தொப்புள் சற்றுப் பிதுங்கியிருந்தது. அதன் மேல் துணியில் சுற்றிய ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டை அவிழ்த்தபோது நாணயத்தின் அடியில் தோல் வேர்வையில் ஊறிச் சிவந்திருந்தது. குழந்தைகளின் தொப்புள் பிதுக்கம், தொப்புள்வளையம் தானாகச் சுருங்குவதால், பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வயதுக்குள் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே மூடிவிடும். நாணயம் கட்டிய வீடுகளில் நாணயம்தான் குணமாக்கியது என்ற நம்பிக்கை நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம். நாணயத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தை உலர்வாக வைத்திருக்கச் சொன்னோம். தாய்க்கோ இந்தக் காத்திருப்பு பயன்படாது. வளர்ந்தவரின் தொப்புள் துவாரம் தானாக மூடுவதில்லை. அங்கே காத்திருப்பது என்பது கண்காணிப்போடு கூடிய காத்திருப்பு மட்டுமே.

நோய்க் கணிப்பு

சித்த மருத்துவ நோக்கில், கருவுற்ற காலத்தில் விரிந்து மகப்பேற்றில் தளர்ந்த ஊன் என்னும் உடற்கட்டு மீண்டும் திரளவில்லை. கீழ்நோக்கி இயங்க வேண்டிய அபானன் மலக்கட்டால் தடைப்பட்டு, உள்ளழுத்தமாக மாறித் தளர்ந்த சுவரின் மேல் மோதுகிறது. உடலெங்கும் பரவி அசைவைத் தரும் வியானன் வயிற்றுத் தசைகளில் தன் தொழிலைச் சரியாகச் செய்யவில்லை. இந்தக் கணிப்பு நடைமுறையில் பயன்தருவது. மலக்கட்டை முதலில் நீக்கு, பிறகு தசையைத் திரட்டு என்ற வரிசையை அது கையில் தந்துவிடுகிறது. ஆனால் 9 மி.மீ. துவாரத்தை அபானன் என்ற பெயருக்குள் அடக்கிவிட முடியாது. அதனால் நோய்ப்பெயரை இரண்டாகவே எழுதினோம்: மகப்பேற்றுக்குப் பிந்தைய நேர்த் தசை விலகல், அதனுடன் உள்ளே தள்ளக்கூடிய சிறு தொப்புள் குடலிறக்கம்.

மருந்து எதையும் எழுதும் முன் அவரை அரசு மருத்துவமனையின் பொது அறுவைப் பிரிவுக்கு அனுப்பினோம். துவாரம் சிறியது, உள்ளே கொழுப்பு மட்டுமே இருக்கிறது, வலியில்லை, தாய் பாலூட்டுகிறார் என்பதால் அவசரமில்லை. தசை வலுப்பெற்ற பின் மீண்டும் பார்த்து முடிவு செய்யலாம் என்று அங்கிருந்து கருத்து வந்தது. இன்னொரு பிள்ளை வேண்டுமா என்பதையும் கணவன் மனைவி இருவரும் யோசித்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். தைத்த இடம் மற்றொரு கருவுறுதலில் மீண்டும் விரியக்கூடும் என்பதால் அந்தக் கேள்வி பொருத்தமானது. அந்த எழுத்துக் கருத்து கைக்கு வந்த பிறகே எங்கள் சிகிச்சை தொடங்கியது.

அன்றே அவருக்கும் அவர் கணவருக்கும் எச்சரிக்கைக் குறிகளைச் சொன்னோம். பிதுங்கல் உள்ளே போக மறுத்தாலோ, திடீரென வலித்தாலோ, அதன் மேல்தோல் சிவந்தோ கறுத்தோ போனாலோ, கூடவே வாந்தி வந்தாலோ, மலமும் காற்றும் பிரியாமல் நின்றாலோ எங்களிடம் வர வேண்டாம். நேராக அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும், போகும் வழியில் யாரும் அதை அழுத்தித் தள்ளவோ எண்ணெய் தேய்க்கவோ கூடாது. இதைத் தாளில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டச் சொன்னோம்.

சிகிச்சை

முதல் கவனம் மலத்துக்கு. இரும்பு மாத்திரையை நிறுத்தினால் மலம் இளகும். ஆனால் சோகை தீராது, தசையும் தேறாது. ஆகவே மாத்திரையைத் தொடரச் செய்து, மலக்கட்டைத் தனியாகக் கவனித்தோம். இரவில் திரிபலா சூரணம் 2 கிராம் வெந்நீரில், ஊறவைத்த உலர்திராட்சை, நாள்தோறும் ஒரு கீரை, பாலூட்டும் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு குவளை நீர் என்பதே ஏற்பாடு. நிலவாகை போன்ற கடும் பேதி மருந்துகளைத் தவிர்த்தோம். குழந்தைக்கு மலம் இளகினால் சூரணத்தை நிறுத்திவிட்டுத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். அப்படி எதுவும் நேரவில்லை. உடல் தேற்ற அமுக்கரா (அசுவகந்தா) கொடுக்கலாமே என்று உறவினர் ஒருவர் கேட்டார். பாலூட்டும் தாய்க்கு அது எவ்வளவு பாதுகாப்பானது என்பதில் போதிய தெளிவில்லாத நிலையில், உணவால் ஆகக்கூடியதை மருந்தால் செய்ய வேண்டாம் என்று மறுத்துவிட்டு, உளுந்தங்களி, முட்டை, பயறு, பால் ஆகியவற்றை உணவில் கூட்டினோம்.

புறமருத்துவத்தில் உளுந்துத் தைலத்தைத் தேர்ந்தெடுத்தோம். தமிழ்நாட்டு அரசு தாய்மார்களுக்கு வழங்கிய மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்தில் இடம்பெற்றிருந்ததால் பல வீடுகளில் அறிமுகமான தைலம் இது. ஆனால் எங்கே தேய்ப்பது என்பதுதான் இந்த நிகழ்வின் மையமான கேள்வி. தொக்கணம் என்னும் உடல் பிடித்துவிடும் முறையின் ஒன்பது வகைகளில் பிடித்தல், அழுத்தல் ஆகிய இரண்டை மட்டும் கீழ்முதுகு, இடுப்பு, விலாவின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் செய்வித்தோம். நடுவயிற்றிலும் தொப்புளைச் சுற்றியும் விரல் படக்கூடாது என்று உதவியாளருக்கும் வீட்டாருக்கும் திட்டவட்டமாகச் சொன்னோம். மெலிந்த வெண்கோட்டின் மேல் அழுத்துவதால் தசைகள் நெருங்குவதில்லை. துவாரமும் இருக்கும்போது அழுத்தம் உள்ளிருப்பதை நசுக்கக்கூடும். நான்காம் மாதத்தில் கட்டைவிரல் தேய்ப்பால் கன்றியது இதனால்தான் என்று கருதுகிறேன். தைலத்துக்குப் பின் முதுகுக்கு நொச்சியிலை ஒற்றடம் கொடுக்கப்பட்டது.

அடுத்தது கட்டு. மாமியார் கட்டின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை நான் தள்ளிவிடவில்லை. கட்டும் முறையை மாற்றினேன். துவைத்து மெலிந்த பருத்தித் துணியை ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, மல்லாந்து படுத்த நிலையில், மூச்சை வெளிவிட்டபோது, இடுப்பெலும்பின் கீழ்விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூடும்படி விலாவின் அடிவரை மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். இரண்டு விரல்கள் உள்ளே நுழையும் தளர்வு இருக்க வேண்டும். வேலை செய்யும் பகற்பொழுதில் மட்டும் கட்டி, சாப்பிட்டதும் தளர்த்தி, உறங்கும்போது அவிழ்த்துவிட வேண்டும். இடுப்பின் மேல்பகுதியில் மட்டும் கயிறாக இறுக்கிய முந்தைய கட்டு, வயிற்றின் அழுத்தத்தை அப்படியே இடுப்புத் தளத்தின் மேல் தள்ளியிருக்கும். சிறுநீர்க் கசிவுக்கு அதுவும் துணைபோயிருக்கலாம். மேலும், கட்டு தசைக்குச் செய்வது துணை மட்டுமே. தசையின் வேலையையே கட்டு எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் கட்டிக்கொண்டேயிருந்தால் தசை மேலும் சோம்பும் என்பதால், ஆறாம் வாரத்திலிருந்து நேரத்தைப் படிப்படியாகக் குறைத்தோம்.

தசையைத் திரட்டும் உண்மையான பணி பயிற்சியால்தான் நடந்தது. இயன்முறை மருத்துவர் ஒருவரின் துணையோடு இதை வகுத்தோம். காணொளியைப் பார்த்துச் செய்த எழும் பயிற்சி உடனே நிறுத்தப்பட்டது. நாவாசனம், தனுராசனம், நௌலி, உட்டியாணம் ஆகிய யோகப் பயிற்சிகளும் வேண்டாம் என்று சொன்னோம். நடுவயிற்று மேட்டை எழுப்பும் எந்த அசைவும் அந்தக் கட்டத்தில் கேடு என்பதே எங்கள் அளவுகோல். முதல் இரண்டு வாரம் மூச்சுப் பயிற்சி மட்டும்: மூச்சை வெளிவிடும்போது அடிவயிற்றை முதுகை நோக்கி மெல்ல உள்ளிழுத்து, அதே நேரத்தில் மூலபந்தம் போலச் சிறுநீரை அடக்கும் தசைகளை மேலே இழுத்துப் பிடித்து விடுவது. வயிற்றுச் சுவரின் ஆழத்திலுள்ள குறுக்குத் தசையும் இடுப்புத் தளமும் ஒன்றாக இயங்கப் பழகுவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் வாரம் முதல் மல்லாந்து குதிகாலை நழுவவிடுதல், முழங்காலை ஒருபுறமாகச் சாய்த்தல், பிறகு மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தம், இறுதியில் கைகால் ஊன்றிய நிலையில் எதிரெதிர்க் கைகாலை நீட்டுதல் என்று ஏற்றினோம்.

அன்றாட அசைவுகளில் சிலவற்றை மாற்றியதும் பயிற்சிக்கு ஈடான பயன் தந்தது. படுக்கையிலிருந்து மல்லாந்தபடியே எழாமல் ஒருக்களித்துக் கையூன்றி எழுவது என்று வீட்டுப் பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பழக்கம், வெண்கோட்டின் மேல் ஒரு நாளில் பலமுறை விழும் இழுப்பை நீக்கிவிடுகிறது. நான்கு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்குவதும் தண்ணீர்க் குடம் சுமப்பதும் நிறுத்தப்பட்டன. கைக்குழந்தையைத் தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளிவிட்டபடி தூக்கப் பழக்கினோம். இதற்கெல்லாம் வீட்டில் ஆள் வேண்டும். கணவர் காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கியதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பதிவு செய்கிறேன். அது இல்லாமல் மற்றவை நடந்திருக்காது.

போக்கு

இரண்டாம் வாரத்தில் மலம் நாள்தோறும் முக்கலின்றிப் போனது. மாலையில் தொப்புள் பிதுங்குவதும் குறைந்தது. நான்காம் வாரத்தில் முதுகுவலி பாதியாகக் குறைந்ததாகச் சொன்னார். சிறுநீர்க் கசிவு நிற்க எட்டு வாரத்துக்கு மேலாயிற்று. இடையில் ஒரு திருமண வீட்டு வேலையில் பாத்திரம் தூக்கியதால் பிதுங்கல் மூன்று நாள் அடிக்கடி வந்தது; ஓய்வில் தணிந்தது.

பன்னிரண்டாம் வார முடிவில் அதே இடத்தில், அதே நிலையில் படுக்கவைத்து ஸ்கேன் எடுக்கப்பட்டது. தசை விலகல் தொப்புளுக்கு மேலே 38இலிருந்து 26 மி.மீ.க்கும், தொப்புள் மட்டத்தில் 41இலிருந்து 29 மி.மீ.க்கும், கீழே 19இலிருந்து 15 மி.மீ.க்கும் குறைந்திருந்தது. தலையைத் தூக்கும்போது நடுவயிற்று மேடு அரிதாகவே தெரிந்தது. ஹீமோகுளோபின் 11.6 கிராமாக உயர்ந்திருந்தது. தொப்புள் துவாரம் 9 மி.மீ. இருந்தது 9 மி.மீ. ஆகவே இருந்தது.

இந்தக் கடைசி அளவைக் கேட்டு நோயாளி வருந்தினார். "இத்தனை செஞ்சும் ஓட்டை அப்படியேதான் இருக்குதுங்களா டாக்டர்?" என்று கேட்டார். அது மாறாது என்று முதல் நாளே சொல்லியிருந்ததை நினைவூட்டினேன். மாறாமல் இருந்ததோடு, பெரிதாகவும் இல்லை என்பதையும் விளக்கினேன். அடுத்த மழைக்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் இருமல் கண்டபோது அவருக்குப் பிதுங்கல் ஒருமுறை வலித்து, சற்று நேரம் உள்ளே போகாமல் நின்றது. எழுதிக் கொடுத்திருந்தபடியே அவர்கள் நேராக மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே அது தானாகத் தளர்ந்து உள்ளே சென்றாலும், மீண்டும் சிக்கக்கூடும் என்பதாலும், மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்திருந்ததாலும், அறுவை செய்துகொள்ள இசைந்தார். துவாரம் வலை வைத்துச் சீரமைக்கப்பட்டு மறுநாள் வீடு திரும்பினார்.

ஆய்வுரை

விலகல் குறைந்ததற்கு எது காரணம் என்ற கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தசை விலகல் கருவுற்ற பெண்கள் எல்லோருக்குமே ஏறத்தாழ வருவது. போர்ச்சுகலில் 2015இல் வெளியான ஆய்வில் 35ஆம் வாரத்தில் அளக்கப்பட்ட அத்தனை பெண்களுக்கும் அது இருந்தது, மகப்பேற்றுக்கு ஆறு மாதம் கழித்து 39 விழுக்காட்டினருக்கே எஞ்சியிருந்தது. நார்வேயில் 300 முதற்பேற்றுத் தாய்மாரைத் தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், ஆறாம் வாரத்தில் 60 விழுக்காடாக இருந்தது ஆறாம் மாதத்தில் 45 ஆகவும், பன்னிரண்டாம் மாதத்தில் 33 ஆகவும் இறங்கியது. அதாவது ஏழாம் மாதத்துக்கும் பத்தாம் மாதத்துக்கும் நடுவில் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சிலருக்கு விலகல் குறைகிறது. ஆகவே உளுந்துத் தைலம் 12 மி.மீ.ஐக் குறைத்தது என்று எழுதினால் அது பொய். கேடு செய்துகொண்டிருந்த பயிற்சியை நிறுத்தியது, முக்கலை ஒழித்தது, சரியான தசைகளை இயக்கியது, உடல் தானாகத் தேறும் போக்கு ஆகிய நான்கும் சேர்ந்து இயங்கின என்றே கொள்கிறேன். அவற்றுள் இரண்டுக்குச் சித்த மருத்துவ முறைகள் நேரடியாக உதவின.

அதே நார்வே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: விலகல் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் முதுகு, இடுப்பு வலியில் வேறுபாடு இல்லை. எனவே இந்நோயாளியின் முதுகுவலி தசை விலகலால் வந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒன்றரை ஷிப்ட் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருந்த உடல், பிறகு குனிந்தே பாலூட்டியது. தைலமும் ஒற்றடமும் அந்த வலிக்கு இதம் தந்தன. முதுகுக்கு அணைகொடுத்து அமர்ந்து பாலூட்டப் பழகியதும் அதே அளவு உதவியிருக்கும்.

இனி, துவாரத்தைப் பற்றி. குடலிறக்கத்தை அறுவையின்றிக் குணப்படுத்துவதாகச் சொல்பவர்கள் மரபு மருத்துவத்தின் பெயரால் பேசுகிறார்கள். ஆனால் மரபு நூல்கள் அவர்களுக்குத் துணைநிற்கவில்லை. ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை, விருத்தி எனப்படும் விரைவீக்க நோய்கள் ஏழில் ஒன்றாகக் குடலால் வரும் விருத்தியைக் கூறுகிறது. பாரம் தூக்குவதாலும், தன்னைவிட வலியவரோடு மல்லுக்கட்டுவதாலும், மரத்திலிருந்து விழுவதாலும் அது வருகிறது. முதலில் கவட்டில் முடிச்சுப்போல் நின்று, கவனிக்காமல் விட்டால் விரைப்பைக்குள் இறங்குகிறது. அழுத்தினால் ஒலியோடு மேலேறி, விட்டால் மீண்டும் வீங்குகிறது. இன்றைய மருத்துவ மாணவர் கவட்டுக் குடலிறக்கத்துக்கு எழுதும் குறிகளும் இவையே. கவட்டில் நிற்கும் நிலையில் அரைமதி வடிவ முனையுள்ள சலாகையால் (கம்பியால்) சுட்டு வழியை அடைக்கச் சொல்லும் அந்நூல், விரைப்பையை அடைந்துவிட்டதைக் கைவிடச் சொல்கிறது. குறை வழியில் இருக்கிறது, ஆகவே வழியை அடைக்க வேண்டும் என்பதை அந்த ஆசிரியர் அறிந்திருந்தார். தம் கைக்கருவி எட்டாத இடத்தையும் அறிந்திருந்தார். இன்று அந்த வழியை மூடும் கருவியும் மயக்க மருந்தும் இருக்கும்போது, அவர் கைவிட்ட நோயாளியை நாம் கைவிட வேண்டியதில்லை.

சித்த மருத்துவத்திலும் நிலை இதுவே. புறமருத்துவ முறைகள் முப்பத்திரண்டு என்று வகுக்கும் நம் மரபு, கட்டு, பற்று, ஒற்றடம், தொக்கணம் ஆகியவற்றை வைத்த அதே பட்டியலில் அறுவையையும் வைத்திருக்கிறது. அறுவைக்கு அனுப்பும் சித்த மருத்துவர் தம் மருத்துவத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

இதைவிடக் கவலை தருவது ஆண்களின் கவட்டுக் குடலிறக்கம். விரை வீங்கி வலிக்கும் விரைவாதத்துக்குக் கழற்சி என்னும் மூலிகையின் இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவதும், கழற்சிப் பருப்பை முட்டை வெண்கருவில் அரைத்துப் பற்றிடுவதும் நம்மிடம் வழக்கிலுள்ள முறைகள்; வீக்கமும் வலியும் உள்ள விரைக்கு அவை உரியவை. சுமைதூக்கும் தொழிலாளர்கள் கவட்டில் இறங்கிய குடலையும் விரைவாதம் என்றே எண்ணி இதே இலையைக் கட்டிக்கொள்கிறார்கள். குடல் சிக்கி வீங்கிச் சிவந்த நிலையில் கட்டினால், இலையின் சூட்டில் வலி சற்று மந்தப்படும் நேரத்துக்குள் குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடலாம். விரையில் வீக்கம் என்று வரும் எவருக்கும், நிற்கவைத்து இருமச் சொல்லிக் கவட்டில் கைவைத்துப் பார்க்காமல் கழற்சியை எழுதக்கூடாது.

அறுவைக்குப் பின் நோயாளி மீண்டும் எங்களிடம் வந்தார். தையல் ஆறும்வரை வயிற்றில் எந்தத் தைலமும் வேண்டாம் என்று நிறுத்தினோம். இருமலுக்கும் மலக்கட்டுக்கும் மட்டும் மருந்து தரப்பட்டது. அறுவை மருத்துவர் அனுமதித்த பிறகு மூச்சுப் பயிற்சியிலிருந்து மீண்டும் தொடங்கினோம். தையல் வேலைக்கு அவர் திரும்பியபோது, துணிக்கட்டுகளைத் தரையிலிருந்து தூக்கும் வேலை மட்டும் வேண்டாம் என்று சான்று எழுதிக் கொடுத்தோம். தொப்புளுக்கு மேலே எஞ்சியிருக்கும் விலகலைப் பிள்ளைக்கு ஒன்றரை வயதாகும்போது மீண்டும் அளக்க வேண்டும்.